தெருவைப் பார்த்த திண்ணை

மேனாட்டு இல்லங்களைப் படங்களில் கண்டோர், சுவரினின்று தெருப்பக்கம் புடைத்து நிற்கும் சன்னலை அறிவர். மூன்று புறமும் கண்ணாடி. உள்ளே அமர்ந்து நூல் வாசிக்க மெத்தையிட்ட இருக்கை. இங்கிலாந்தில் சன்னல்களை எண்ணி வரி விதிக்கும் சட்டமொன்று 1696 முதல் 1851 வரை நடைமுறையில் இருந்தது. அது நீங்கிக் கண்ணாடியின் விலையும் இறங்கிய பின்னரே, அத்தகைய சன்னல் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் பெருகிற்று. வெயில் அரிதான நாட்டில், ஒளியைத் தேடி வீடு கை நீட்டிய கோலம் அது எனலாம்.

வெயிலுக்குக் குறைவில்லாத காவிரிப் படுகையில் நம் முன்னோர் தெருவை நோக்கி நீட்டியது சன்னலை அன்று, திண்ணையை. வெளிச்சத்துக்கு வீட்டின் நடுவே முற்றம் இருந்தது. தெருப்பக்கம் வேண்டியவை நிழலும் காற்றுமே. ஆகவே வாசற்படியின் இருமருங்கும் செங்கல் மேடை எழுப்பி, ஓட்டுக் கூரையைத் தாழ இறக்கி, மரத்தூண்களால் தாங்கினர். சுண்ணாம்புச் சாந்து பூசி வழவழப்பாகத் தேய்த்த தளம் சித்திரையிலும் குளிர்ந்திருக்கும். ஒருபுறம் பெரிய திண்ணை, மறுபுறம் ஒட்டுத் திண்ணை. சுவரோரம் தலைசாய்க்கச் சாய்வாகக் கட்டிய மேடு. விளக்கு வைக்க மாடம். சிலர் மர அழி போட்டு அடைத்தும் கொண்டனர்.

சன்னலில் அமர்பவர் வீட்டார். திண்ணையிலோ அயலாருக்கும் இடமுண்டு. பேருந்துகள் பெருகாத காலத்தில், கால்நடையாய்ச் சென்ற வழிப்போக்கர் இருட்டிய ஊரில் ஏதேனும் ஒரு திண்ணையில் துண்டை விரித்துப் படுத்து, விடியுமுன் எழுந்து போவார். யாரென்று வீட்டார் கேட்டறியாமலே போனதும் உண்டு.

கல்வியும் அங்கேதான் நடந்தது. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ. வே. சாமிநாதையர் (1855–1942) முதலில் பயின்றது திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே. ஆளுநர் தாமஸ் மன்றோவின் 1826-ஆம் ஆண்டுக் குறிப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 நாட்டுப் பள்ளிகளைக் கணக்கிடுகிறது. மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்பள்ளிகளின் வழக்கம். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலிக்கக் குரு, மணலில் எழுதும் நம் சிறுவரைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் அவர் இதை இங்கிலாந்தில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது அங்குப் பரவிற்று.

இவ்வளவும் கூறி, ஓர் உண்மையை மறைத்தல் தகாது. திண்ணை எல்லார்க்கும் திண்ணையாய் இருந்ததில்லை. நாற்று நட்டுக் கதிரறுத்து அவ்வீட்டின் பத்தாயத்தை நிரப்பிய பண்ணையாள் அதில் அமர இயலாது. கூலி நெல்லைக் கொல்லைப்புறத்தில் நின்றே பெற்றார். சில தெருக்களில் அவர் நடக்கவே தடை இருந்தது. பெண்களும், ஆடவர் திண்ணையில் இருக்கையில், ரேழிக் கதவின் பின்னின்றே தெருவை நோக்கினர். இவ்வகையில் மேனாட்டுச் சன்னலே பெண்களிடம் கருணை காட்டிற்று. பழைய வீட்டின் அழகைப் போற்றும் கட்டுரைகள் பல இவற்றைச் சொல்லாமல் கடந்து விடுகின்றன.

இன்று அத்தடைகளைச் சட்டம் நீக்கிவிட்டது. எவரும் அமரலாம் என்ற காலம் வந்தபோது திண்ணையைக் காணோம்! அதன் இடத்தில் மதிற்சுவரும் இரும்புக் கேட்டும் நிற்கின்றன. எஞ்சியவற்றுள் சில, தெருவுக்குத் தார்மேல் தார் போட்டு உயர்த்தியதால் தெருமட்டத்துக்கே தாழ்ந்துவிட்டன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தரங்கம்பாடியில் இன்டாக் அமைப்பு பழைய தமிழ் வீடுகள் சிலவற்றைச் செப்பனிட்டது. அங்குச் செல்வோர் அவற்றின் தூண்களையும் திண்ணைகளையும் நின்று பார்த்து வருவது நன்று.

நம் முதியோர் இப்போது அறைக்குள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றனர். தெருவில் போகும் ஒருவர், "என்ன பெரியவரே, சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்டுப் போக அங்கு வழியில்லை. புதுமனை கட்டும் அன்பர்கள் இதைச் சற்று எண்ண வேண்டும். பெருஞ்செலவு ஒன்றுமில்லை. தம் நிலத்துக்குள்ளேயே, ஆனால் மதிலுக்கும் கேட்டுக்கும் வெளியே, ஒன்றரை அடி உயரமும் இரண்டடி அகலமும் கொண்ட மேடை. மேலே வெயில் மறைக்க ஒரு சார்ப்பு. தளம் தெருப்பக்கம் சிறிது சரிந்திருக்கட்டும். ஐப்பசி மழைநீர் தேங்காது.