பழைய ஃபைபர் கூண்டு, மேலே ஒரு கூடாரம்: வாங்கிச் சரிசெய்வது லாபமா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள், வண்டியின் பின்பக்கத் தொட்டி மேல் ஒரு கூண்டைப் பொருத்திக்கொள்வது சாதாரண வழக்கம். கேம்பர் ஷெல், டாப்பர் என்று அதற்குப் பெயர். சாமான் நனையாது. வார இறுதியில் மலைப்பக்கம் போனால் உள்ளேயே படுத்தும் கொள்ளலாம்.

இதில் ஒரு வகை கொஞ்சம் விசேஷம். கொக்கியை விடுவித்து மூடியைத் தூக்கினால், உள்ளே மடிந்து கிடக்கும் துணிக் கூடாரம் விரிந்து எழும். 1980கள், 90களில் வந்த வைல்டர்நெஸ்ட் போன்ற மாடல்களில், மூடியே பக்கவாட்டில் புரண்டு படுக்கைத் தளமாகிவிடும்.

இப்படிப்பட்ட கூண்டுகள் இன்று பழைய விலையில் கிடைக்கின்றன. வெளிறிப்போயிருக்கும், பாசி பிடித்திருக்கும். "அழுக்குதானே, உடையலையே, தேய்ச்சா சரியாயிடும்" என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்த பிறகுதான் தெரிகிறது.

ஃபைபர் அவ்வளவு சீக்கிரம் கெடாதா?

கெடாது. கண்ணாடி இழைகளை பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து இறுக வைத்ததுதான் ஃபைபர்கிளாஸ். துருப்பிடிக்காது, உளுத்துப்போகாது. 1953-ல் வந்த முதல் செவ்ரோலெட் கார்வெட் காரின் உடல் இதே பொருள்தான். நம் கடற்கரைகளில் ஓடும் ஃபைபர் படகுகளும் இதே குடும்பம்.

வெளியே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட் என்ற மேல்பூச்சு. தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். வெயில் பட்டுப் பட்டு அது வெளிறி, கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும், இருப்பதிலேயே எளிதில் சரியாகும் கோளாறு இதுதான். 800, 1000, 1500 என்று படிப்படியாக நைஸான தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மெழுகு பூசினால் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும். அளவுக்கு மீறித் தேய்த்தால் பூச்சே போய், உள்ளே இருக்கும் இழை தெரிய ஆரம்பித்துவிடும்.

அப்படியானால் வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு விஷயங்கள்.

முதலாவது, துணி. கூடாரத்தை முழுசாக விரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். துணி விரலுக்குக் கிழிந்தால், தையல் நூல் இழுத்ததும் அறுந்தால், புதுக் கூடாரம்தான் வழி. தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் கடையில் கிடைக்காது. பழைய துணியை அளவாக வைத்துப் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் மொத்த வேலையிலும் பெரிய செலவு இதுதான்.

இரண்டாவது, மரம். சில மூடிகளிலும் படுக்கைத் தளங்களிலும் உள்ளே பிளைவுட் இருக்கும். திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது சத்தமில்லாமல் உளுத்துப்போகும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும்.

மூன்றாவது, கீலும் கேஸ் ஸ்ட்ரட்டும். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிதான் கேஸ் ஸ்ட்ரட். வயதானால் உள்ளே உள்ள வாயு கசிந்து, மூடி திடீரென்று தலையில் இறங்கும். அதே நீளம், அதே நியூட்டன் அளவு பார்த்துப் புதிது மாற்றுவதே வழி. உள்ளே அழுத்தம் இருப்பதால் அதை வெட்டவோ துளையிடவோ கூடாது.

நான்காவது, அளவு. தொட்டியின் நீள அகலம் மாடலுக்கு மாடல் மாறும். வேறு வண்டிக்குச் செய்த கூண்டை இழுத்துப் பொருத்தினால், ஓரமெல்லாம் தண்ணீர் ஒழுகும்.

வேலையை எதில் தொடங்குவது?

பளபளப்பில் தொடங்குவதுதான் பொதுவான தவறு. முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும், பிறகு பலம், கடைசியில்தான் அழகு.

ஜன்னல், விளக்கு, கீல் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பொருத்தலாம். சிலிக்கான் பசையைத் தவிர்ப்பது நல்லது. அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டோ ரெசினோ சரியாக ஒட்டாது.

விரிசலுக்கு மேலே பட்டி பார்த்தால் சில மாதத்தில் அதே கோடு திரும்பத் தெரியும். விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ரெசினில் நனைத்த இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். மில்லிமீட்டர் கனத்துக்கு 12 மில்லிமீட்டர் சரிவு என்பது வழக்கமான கணக்கு. எப்பாக்சி ரெசின் பழைய பாலியெஸ்டர் மேல் நன்றாக ஒட்டும். ஆனால் இறுகிய எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. முதலிலேயே எது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

ஃபைபர் தூசி தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

துணி தேறும் என்றால்?

மிதமான சோப்பு, மென்மையான பிரஷ் போதும். பிளீச் போட்டால் பூஞ்சைக் கறையோடு துணியின் பலமும் போகும். காய்ந்த பிறகு தையல்களில் சீலர் தடவலாம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை திரும்பவும் வந்துவிடும். மழையில் மடிக்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவைக்க வேண்டும்.

வண்டி தாங்குமா?

சாதாரண ஃபைபர் கூண்டே சுமார் 70 முதல் 100 கிலோ வரை வரும். கூடாரம், தளம், மெத்தை சேர்ந்தால் இன்னும் கூடும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று இருக்கும். கூண்டின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அமெரிக்காவில் 1994 மாடலில் இருந்து பிக்கப்களுக்கும் உயரத்தில் ஒரு மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம். கூண்டு அதை மறைத்தால், கூண்டின் பின்பக்கத்தில் ஒரு விளக்கு வைத்து இணைக்க வேண்டும்.

உள்ளே தூங்குவது பாதுகாப்பா?

எல்லா ஒழுகலையும் அடைத்த பிறகு எழும் கேள்வி இது. தண்ணீர் புகாத கூண்டில் காற்றும் குறைவாகத்தான் புகும். குளிருக்காக உள்ளே அடுப்போ, கரி நெருப்போ வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். இன்ஜினை ஓடவிட்டுப் படுப்பதும் அதே ஆபத்துதான். இரண்டு பக்கமும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது நல்லது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

சரி, லாபமா?

வெளிறிய கூண்டு, நல்ல துணி, உளுக்காத மரம் என்றால் தாராளமாக வாங்கலாம். மிச்சமெல்லாம் சில வார இறுதிகளின் உழைப்பு. மேலே பளபளவென்று இருந்து, துணி மட்டும் நைந்துபோயிருந்தால், புதுக் கூடாரம் தைக்க என்ன ஆகும் என்று தையல்காரரிடம் கேட்டுவிட்டு விலை பேசுவது நல்லது.