பழைய கார் விலை: எக்செல் சொல்லும் கணக்கு

50 ஆண்டுகளைக் கடந்த அம்பாசிடரை வாங்க விரும்புகிறீர்களா? விற்பவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. நான் எக்செலில்தான் கணக்கிடுகிறேன்.

நல்ல நிலையிலுள்ள அதே மாடல் கார்களின் விளம்பர விலைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். 2, 2.25, 2.5, 3, 8 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். ஆவரேஜ் பங்ஷன் 3.55 லட்சம் என்று காட்டும். அந்த ஒரே 8 லட்சம் செய்த வேலை இது! மீடியன் பங்ஷன் நடுவிலுள்ள 2.5 லட்சத்தைக் காட்டும். அதிலிருந்து டிங்கரிங், பெயின்டிங், எஞ்சின் செலவுகளைக் கழியுங்கள். பேரத்தை அங்கே தொடங்கலாம்.

எஞ்சின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 2021 விதிப்படி, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கே வின்டேஜ் பதிவு கிடைக்கும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டிய வண்டிக்கு வின்டேஜ் விலை தராதீர்கள். அந்தப் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்டவும் முடியாது.