எலியிடம் என்ன கேட்டார்கள்?

'கல்லீரலைக் காக்கும், ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு மூலிகை மாத்திரை டப்பாவில் அச்சிட்டிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பொய்யாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் அந்த எலியிடம் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதுதான் விஷயம்.

கல்லீரலையும் மூலிகையையும் சேர்த்து நடக்கும் எலி ஆய்வுகள் இரண்டு வகை. முதல் வகையில், ஒரு காலத்தில் உலர்சலவைக்குப் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடையோ அளவு மீறிய பாராசிட்டமாலையோ கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுப்பார்கள். கூடவே மூலிகைச் சாறும் போகும். பிறகு ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிரூபின் அளவுகளைப் பார்ப்பார்கள். கல்லீரலை மெல்லிய சீவல்களாக்கி, நடுச்சிரையைச் சுற்றிச் செல்கள் எவ்வளவு மடிந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் தேடுவார்கள். விஷத்தின் பாதிப்பு குறைந்திருந்தால் 'கல்லீரல் காப்பான்' என்ற பட்டம் கிடைத்துவிடும். இந்த மூலிகையே கல்லீரலைக் கெடுக்குமா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

அதைக் கேட்பது இரண்டாவது வகை. ஆரோக்கியமான எலிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே தடவை கொடுத்து 14 நாள் கவனிப்பது அதன் முதல் படி. நாம் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள். நமக்குப் பொருந்துவது தினமும் கொடுத்து 28 நாளோ 90 நாளோ பார்க்கும் சோதனைதான். 'எலியில் பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அந்த 90 நாள் சோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்படத் தேவையில்லை. அதிலிருந்து குர்குமினைப் பிரித்துச் செறிவாக்கி, குடல் அதிகம் உறிஞ்சட்டும் என்று மிளகின் பைப்பரினையும் சேர்த்து விற்கும் மாத்திரைகளின் கதை வேறு. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்த 10 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏழு பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. இது மனிதரில் சிலருக்கு மட்டும் உள்ளது, எலிக்குக் கிடையாது. ஆயிரம் எலிகள் பிழைத்தாலும் இந்த ஆபத்து வெளியே தெரியாது.

அதற்காக விலங்குச் சோதனை வீண் என்று ஆகிவிடாது. பச்சைத் தேயிலைச் சாற்றைப் பீகிள் நாய்களுக்கு வெறும் வயிற்றில் கொடுத்த ஓர் ஆய்வில் எதிர்பாராத விதமாக நாய்கள் இறந்தன. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். சாப்பிட்டபின் கொடுத்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. எடை குறையும் என்று காலையில் வெறும் வயிற்றில் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையைப் போடுபவர்களுக்கு நாய்கள் சொல்லிவிட்டுப் போன செய்தி இது.

நம் ஊர்ச் சீந்தில் கொடிக்கும் எலி ஆய்வுகளில் நல்ல பெயர்தான். ஆனால் கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காக அதைக் குடித்து, கல்லீரல் அழற்சியோடு வந்த ஆறு பேரை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அடுத்து நாடு முழுக்க 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. மும்பை ஆய்வை ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை. அது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று உறுதி செய்யவில்லை என்றது. நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவர்களுக்கே தெரியாத கொடி, பொட்டலம் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது? மருந்து, அழகுப் பொருள் விதிகளின் 158-பி பிரிவின்படி, பழைய சித்த, ஆயுர்வேத நூல்களில் உள்ள முறையில் செய்து, அங்கே சொன்ன நோய்க்கே விற்கும் மருந்துக்குத் தனியாகப் பாதுகாப்புச் சோதனை கேட்பதில்லை. நீரில் எடுத்த சாற்றுக்கும் அப்படியே. நீரும் சாராயமும் அல்லாத வேறு கரைப்பான்களில் எடுத்த சாறு என்றால் சோதனை கட்டாயம். உரிமம் இருப்பதாலேயே எலியில் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பது தவறு. சோதனை நடத்தும் நிறுவனங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. விலங்குச் சோதனைக்கான 1998 விதிகளின்படி, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஓர் எலியைக்கூடத் தொடக்கூடாது.

வாங்குபவருக்கு உள்ள உரிமை லேபிளில் தொடங்குகிறது. உரிம எண், தொகுதி எண், உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, உட்பொருள்கள், தயாரித்தவர் முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். சேராங்கொட்டை, எட்டி போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தைக் கடையிலேயே விட்டுவிடலாம். பில் கேட்டு வாங்குங்கள்.

மூலிகை சாப்பிடும் நாள்களில் பசி மந்தம், குமட்டல், உடல் அரிப்பு, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது என்று எது வந்தாலும் அதை அன்றே நிறுத்திவிட்டு கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளானதும் இன்னொரு பச்சிலையைத் தேடி ஓடுவது நம் வழக்கம். காமாலையைக் கொண்டுவந்ததே முதல் பச்சிலையாக இருந்தால் என்ன ஆகும்? மருத்துவர் திட்டுவார் என்று மறைக்காமல் சாப்பிட்டதையெல்லாம் சொல்லிவிடுங்கள்.

பாதிப்பைப் பதிவு செய்வதும் நம் கையில் இருக்கிறது. மருந்துகளின் பக்க விளைவுகளைத் தெரிவிக்கக் கட்டணமில்லா எண் 1800-180-3024. சித்த மருந்து என்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் சொல்லலாம். இழப்பீடு வேண்டுமானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த டப்பாவைத்தான். மிச்ச மாத்திரையோடு பத்திரமாக எடுத்து வையுங்கள், கோபத்தில் குப்பையில் எறிந்துவிடாதீர்கள்.