பறவையின் காலில் ஒரு கடிதம்

2023ஆம் ஆண்டு மே மாதம். மும்பைத் துறைமுகம் அருகே ஒரு புறா பிடிபட்டது. அதன் கால்களில் இரண்டு வளையங்கள் இருந்தன. புறாவின் மேல் ஏதோ எழுதியிருந்தது. பார்ப்பதற்குச் சீன எழுத்துப் போல இருந்தது.

"உளவு பார்க்க வந்த புறாவோ?" என்று போலீசாருக்குச் சந்தேகம். புறாவைக் கால்நடை மருத்துவமனைக் கூண்டில் அடைத்தார்கள். பிறகு உண்மை தெரிந்தது. அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா. வழி தவறி வந்துவிட்டது. 2024 ஜனவரி கடைசியில்தான் அதற்கு விடுதலை. எட்டு மாதம் கூண்டு வாசம்! பாவம்.

வளையத்தைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. அது ஒரு கடிதம் மாதிரி. பறவை அதைச் சுமந்து வருகிறது. கண்டெடுப்பவர் படிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை முதலில் எழுதியவர் யார்? டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர். பெயர் மார்ட்டென்சன். அவர் முதலில் துத்தநாகத்தில் வளையம் செய்தார். பறவைக்கு அது கனமாக இருந்தது. பிறகு லேசான அலுமினியத்தில் செய்தார். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு எண்ணைப் பொறித்தார். 1899இல் மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். இன்று உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் இதைச் செய்கிறார்கள்.

வளையம் என்ன சொல்லும்? ஒரு கடல் பறவையின் கதையைக் கேளுங்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே மிட்வே என்ற சிறிய தீவுகள் உள்ளன. அங்கே அல்பட்ராஸ் என்ற பெரிய கடல் பறவைகள் லட்சக்கணக்கில் கூடும். சிறகை விரித்தால் ஆறு அடிக்கு மேல் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருக்கும். மற்றது இரை தேடக் கடலுக்குப் போகும். நூற்றுக்கணக்கான மைல் தூரம் போய் வரும்.

1956 டிசம்பரில் அமெரிக்க விஞ்ஞானி ராபின்ஸ் அங்கே சென்றார். முட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பறவைக்கு வளையம் மாட்டினார். நோட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். அன்று வளையம் மாட்டிய எத்தனையோ பறவைகளில் அதுவும் ஒன்று.

உப்புத் தண்ணீரும் மணலும் பட்டால் வளையம் தேயும். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வைப்பார்கள். 2002இல் ராபின்ஸ் மறுபடியும் மிட்வே போனார். அப்போது அவருக்கு வயது 83. ஒரு பறவையின் பழைய வளையத்தை மாற்றினார். ஊர் திரும்பிப் பழைய நோட்டுகளைப் புரட்டினார். ஒரு எண்ணிலிருந்து அதற்கு முந்தைய எண், அதற்கும் முந்தைய எண் என்று தேடிக்கொண்டே போனார். கடைசியில் 1956இல் வந்து நின்றது. அவர் கையாலேயே வளையம் மாட்டிய அதே பறவை!

இந்த இனம் ஐந்து வயதுக்கு முன் முட்டை இடுவதில்லை. எனவே 1956இலேயே அதற்குக் குறைந்தது ஐந்து வயது இருக்கும். அதற்கு விஸ்டம் என்று பெயர் வைத்தார்கள். அறிவு, ஞானம் என்று பொருள். 2011 மார்ச்சில் ஜப்பான் அருகே நிலநடுக்கம் வந்தது. சுனாமி அலை மிட்வே வரை பாய்ந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான குஞ்சுகள் மடிந்தன. விஸ்டமும் அதன் குஞ்சும் தப்பின. ராபின்ஸ் 2017இல் தமது 98ஆம் வயதில் காலமானார். அவர் வளையம் மாட்டிய பறவை 2024 நவம்பரிலும் ஒரு முட்டை இட்டது! அடுத்த ஜனவரியில் குஞ்சும் பொரித்தது. வயது 74க்குக் குறையாது. நமக்குத் தெரிந்த காட்டுப் பறவைகளில் இதுதான் மிக மூத்தது. வளையமும் நோட்டும் இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

வளையத்துக்கு ஒரு குறை உண்டு. பறவை எங்கே புறப்பட்டது, எங்கே கிடைத்தது என்று மட்டும் சொல்லும். நடுவில் எந்த வழியாகப் போனது? அதற்குச் சின்னக் கருவி வந்துவிட்டது. வடதுருவ ஆலா என்ற கடல் பறவை 100 கிராம் எடைதான் இருக்கும். அதன் காலில் ஒன்றரை கிராம்கூட இல்லாத கருவியைக் கட்டினார்கள். வெளிச்சம் எப்போது வந்தது, எப்போது மறைந்தது என்று கருவி குறித்துக்கொள்ளும். அருணாசலப் பிரதேசத்தில் பொழுது முதலில் விடிகிறது. குஜராத்தில் பிறகுதான் விடிகிறது. ஆகவே விடியும் நேரம் தெரிந்தால் இடத்தையும் கணக்கிடலாம் அல்லவா? அந்த ஆலாக்கள் கிரீன்லாந்திலிருந்து தென்துருவக் கடல் வரை போய்த் திரும்பியிருந்தன. ஒரே ஆண்டில் சுமார் 70,000 கிலோமீட்டர்! உலகை ஒன்றே முக்கால் தடவை சுற்றும் தூரம் இது.

நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையம் மாட்டுகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரி, தமிழ்நாட்டின் கோடிக்கரை போன்ற இடங்களில் இந்த வேலை நடக்கிறது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் அங்கே வரும். வளையத்தில் எண்ணும், கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். சில பறவைகளின் காலில் வண்ணப் பிளாஸ்டிக் கொடியும் உண்டு.

வலையிலோ வயலிலோ வளையமிட்ட பறவை உங்களுக்குக் கிடைக்கலாம். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு பறவையைப் பறக்க விடுங்கள். செத்திருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம். எந்த ஊர், எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள். செல்பேசி இருந்தால் படம் எடுங்கள். பக்கத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லலாம். மும்பையில் உள்ள கழகத்துக்கும் எழுதலாம். எழுத்து வேற்று மொழியில் இருந்தால்? கண்ணுக்குத் தெரிகிறபடியே பார்த்து வரைந்து அனுப்புங்கள். அதுவே போதும்.