தை முடிவதற்குள் மிலாரை நகர்த்துங்கள்

2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதிக் காடு எரிந்தபோது, விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் அள்ளி வந்து கொட்டியது. வனத்துறையினர் நாள்கணக்கில் போராடியும் அடங்காத தீ. தனியார் தேயிலைத் தோட்டமொன்றில் குப்பைக்கு வைத்த நெருப்புதான் காட்டுக்குள் தாவியது என்று வனத்துறை வழக்குப் போட்டது.

சேரங்கோட்டுக்காரர்கள் இதை வேறு ஊர்ச் செய்தியென்று விட்டுவிடக் கூடாது. நம் பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கிற மழைதான். ஆனால் அந்த மழையில் தழைத்த புல்லும் உண்ணிச்செடியும்தான் மாசி, பங்குனியில் காய்ந்து சருகாகின்றன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தர அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ உருவாக்கிய தோட்டங்கள் பலவும் காட்டை ஒட்டியவை. லைன் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் புதர். கவாத்துப் பார்க்கும் தேயிலை பச்சையாகவே நிற்கும், லேசில் பற்றாது. பராமரிப்பு நின்ற தோட்டத்திலோ செடிகளுக்கடியில் களை மண்டிக் காய்ந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

காட்டுத்தீயில் பல வீடுகள் பற்றுவது காற்றில் பறந்து வரும் தீப்பொறியால். அது விழ வசதியான இடத்தை நாமே செய்து வைத்திருக்கிறோம்: அடுப்புக்கென்று வெட்டிய மிலாரைக் கட்டுக்கட்டாக, மழை படாமல் கூரை இறவாரத்துக்குக் கீழே, சமையலறைச் சுவரோடு சாய்த்து அடுக்குகிறோம். பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். மழைக்காலத்துக்கு அது சரி. தை முடிவதற்குள் அந்த அடுக்கைச் சுவரிலிருந்து முப்பதடி தள்ளி வையுங்கள். கூரைத் தகர ஓரத்திலும் மழைத்தண்ணீர்க் குழாயிலும் தேங்கிய இலையை வாரிப் போடுங்கள். வீட்டைச் சுற்றிலும் அதே முப்பதடிக்குப் புல்லைச் செதுக்குங்கள்.

சரிவின் கீழ்ப்பக்கத்தை முதலில் செதுக்க வேண்டும், தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி மலைச் சரிவில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டால் மேலே ஏறி ஓடாதீர்கள். புகை வராத பக்கமாக, பக்கவாட்டில், எரிய ஒன்றுமில்லாத ரோட்டுக்கோ ஓடைக்கோ போங்கள்.

செதுக்கியதைக் கொளுத்த வேண்டாம், குழியில் போட்டு மூடினால் உரமாகும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் ஆகியவற்றை ஒரே பையில் வாசலருகே மாட்டுங்கள். நடக்க முடியாத பெரியவர்களை யார் தூக்குவதென்று லைனுக்குள் இப்போதே பேசி வையுங்கள்.

புகை தெரிந்தவுடன் தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் மையத்துக்கு 1077. சிறியதாக இருக்கும்போதே கூப்பிடுங்கள்.