தேவை திரட்டல்

தேவை திரட்டல் என்பது ஒரு மென்பொருளையோ தகவல் சேவையையோ உருவாக்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைக் கேட்டும் நேரில் பார்த்தும் எழுதிவைக்கும் பணி ஆகும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பிசினஸ் அனலிஸ்ட் எனப்படும் வணிக ஆய்வாளர் இதைச் செய்கிறார். ஒரு திட்டத்தால் பயனோ பாதிப்போ அடையும் அனைவரும் அதன் தொடர்புடையோர். ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல்லைச் சிலர் 'பங்குதாரர்' என்று எழுதுகின்றனர். நிறுவனத்தில் பங்கு வாங்கியவர் என்ற மயக்கம் அதில் உண்டு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, வரும் பதிலை எழுதிக்கொண்டால் போதும் என நினைப்பதுண்டு. வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் ஐம்பது பிள்ளைகளும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலின் மதிப்பு ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

புதுச்சேரி தகவல் மையங்கள்

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியுடன் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றின் நடுவமாக இருந்தது. கணினியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிறகு அதற்குப் பயன் தேடவில்லை. மக்களுக்கு எந்தத் தகவல் தேவை, அதை இப்போது யாரிடமிருந்து பெறுகிறார்கள் என்று முதலில் கேட்டறிந்தனர். உழவர்களுக்கு விளைபொருள், இடுபொருள் விலைகள் வேண்டியிருந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது கடலின் நிலை.

மீனவர் யாரும் "அலை உயர முன்கணிப்புத் தரவு வேண்டும்" என்று கேட்கமாட்டார். நாள்தோறும் அவர் எடுக்கும் முடிவு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதே. அந்த முடிவைக் கண்டுபிடித்து, அதற்கு உதவும் தகவலைத் தேடுவதுதான் ஆய்வாளரின் வேலை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர விவரங்கள் எடுக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டன. படிக்கத் தெரியாதவருக்கும், கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அது எட்டியது. அலை உயரத்தைச் சொல்வது செயல் தேவை. எல்லோர் காதிலும் உரிய நேரத்தில் விழுவது தரத் தேவை. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இரண்டாவதைத்தான்.

யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஊர்ப் பெரியவரோடு பேச்சை முடித்துக்கொண்டால் பெண்களின் தேவையும் நிலமற்றோரின் தேவையும் ஏட்டில் ஏறாது. சாதி, பால் வேறுபாடின்றி எவரும் வந்துபோகக்கூடிய பொது இடத்தில்தான் மையம் இருக்க வேண்டும் என்று இந்த நிறுவனம் நிபந்தனை வைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று, இத்திட்டத்தில் முன்பு தன்னார்வலராக இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒலிக்க, மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினர். 

பயிற்சி

திருவண்ணாமலை மாணவர்கள் பௌர்ணமி கிரிவலத்தை வைத்தே இதைப் பழகலாம். அலுவலகத்தில் கேட்டால் "பக்தர்களுக்கு ஒரு செயலி" என்பார்கள். பாதையில் நின்று பாருங்கள். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து நள்ளிரவில் முடிக்கும் ஒரு மூதாட்டிக்குத் தெரிய வேண்டியது, தம் ஊர்ப் பேருந்து எந்தத் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் நிற்கிறது என்பது. அவர் கைப்பேசியில் அப்போது சார்ஜ் இருக்குமா? நடத்துநர், காவலர், துப்புரவுப் பணியாளர், பாதையோர டீக்கடைக்காரர் ஆகியோரிடமும் கேளுங்கள். அந்த மூதாட்டி வழி கேட்பது இவர்களிடம்தான். எழுதியதை அவர்களிடமே திரும்பப் படித்துக்காட்டுங்கள். "அப்படிச் சொல்லவில்லையே" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் மறுபடி கேட்கத் தொடங்குங்கள்.