காலாற நடக்க நான்கு காடுகள்

கோலாலம்பூருக்குப் படிக்க வரும் நம் மாணவர்களிடம், "வார இறுதியில் எங்கே போவீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஏதாவதொரு பேரங்காடியின் பெயர்தான் பதிலாக வரும். குளிர்சாதனம், திரைப்படம், சாப்பாடு என்று ஆளுக்கு நாற்பது ரிங்கிட்டாவது கரைந்துவிடும். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் நடுவிலேயே காடுகள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்குள் நுழைய ஒரு காசும் வேண்டாம். இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்த சிலரும், "அது ஓய்வு பெற்றவர்கள் காலையில் நடக்கும் இடமாயிற்றே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள் முதல் நான் நடந்து பார்த்தவற்றுள் நான்கு இடங்களை இங்கே பரிந்துரைக்கிறேன். நான்கிலும் நம் கதை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நடக்க நடக்கத்தான் உணர்ந்தேன்.

முதலில் புக்கிட் காசிங். பெட்டாலிங் ஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான எல்லைக்கோடு இந்தக் குன்றின் மேலேதான் போகிறது. மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பக்கத்து வீடு போல. ஏற்றம் கடினமானதல்ல. தொங்குபாலம் ஒன்று உண்டு. பாதைகள் பல கிளைகளாகப் பிரிந்து மீண்டும் சேர்வதால், முதல் முறை போகிறவர்கள் சற்றுக் குழம்பலாம். ஆனாலும் எந்தப் பக்கம் இறங்கினாலும் ஏதாவதொரு குடியிருப்பைச் சென்றடைந்துவிடுவீர்கள். குன்றின் மேல் சிவன் கோயில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நடந்துவிட்டு, கோயிலில் கும்பிட்டு, கீழே இறங்கிப் பசியாறினால் ஒரு நாள் நல்லபடியாகத் தொடங்கிவிடும். மலையேறிப் பழக்கமே இல்லாத நண்பர்களை அழைத்துப் போவதாக இருந்தால் காசிங்கைத்தான் சொல்வேன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

நான் அதிகம் போவது புக்கிட் கியாராவுக்கு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டியிருக்கும் இந்தக் குன்று முன்பு ரப்பர்த் தோட்டம். எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் அடிவாரம். தார்ச்சாலையும் உண்டு, மண்பாதையும் உண்டு. மண்பாதைகளில் மலைமிதிவண்டிக்காரர்கள் வேகமாக வருவார்கள். மணிச்சத்தம் கேட்டால் உடனே ஓரம் ஒதுங்குங்கள், கைபேசியில் பாட்டுக் கேட்டபடி நடக்காதீர்கள். தார்ச்சாலையில் குழந்தைகளையும் முதியவர்களையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.

மண்பாதைக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனால் இருபுறமும் பால்மரங்கள். காட்டுமரங்களோடு கலந்து உயர்ந்துவிட்டதால் முதலில் அடையாளம் தெரியாது. பட்டையைப் பாருங்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும் பழைய வெட்டுத் தழும்பு இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனால் இன்னும் எளிது. பால்மரம் அந்த நேரத்தில்தான் இலையுதிர்க்கும். இலைகள் செம்மஞ்சளாக மாறிப் பாதையெங்கும் உதிர்ந்து கிடக்கும். காய் முற்றும் காலத்தில் மரத்தின் மேலிருந்து 'பட்' என்று சத்தம் கேட்கும். காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தம் அது. புள்ளி போட்ட அந்த விதைகளை வைத்து விளையாடிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

என் பாட்டி மரம் வெட்டியவர். ஒருமுறை அவரைத் தார்ச்சாலை வழியாக அழைத்துச் சென்றேன். ஓரிடத்தில் நின்று ஒரு மரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். தழும்பில் ஆங்காங்கே முண்டு முண்டாக இருந்தது. "இது கை பழகாத ஆளு வெட்டுன மரம். கத்தி உள்ள வரைக்கும் பட்டிருக்கு பாரு" என்றார். பிறகு வீட்டில் விளக்கமாகச் சொன்னார்: பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, பட்டை சமமாக வளராமல் முண்டு விழுந்துவிடும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் வெட்ட முடியாது. விடியுமுன்னே வேலையைத் தொடங்குவதும் வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான். மங்கு, ஒட்டுப்பால், வெட்டுக்காடு போன்ற சொற்களை நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அவற்றை வாயில் சொன்னதே இல்லை. கியாராவில்தான் அவை மீண்டும் பொருளோடு வந்தன.

இந்தக் குன்று தானாகப் பிழைத்ததாக நினைத்துவிடக் கூடாது. தோட்டத்தை அரசு கையகப்படுத்தியபின், நிலத்தின் பெரும்பகுதி கோல்ஃப் திடல், குதிரையேற்ற மன்றம் என்று பல வகையில் பிரிந்துபோனது. எஞ்சிய பசுமையின் ஓரத்தில்தான் தாமான் ரிம்பா கியாரா என்னும் 25 ஏக்கர் பூங்கா இருக்கிறது. அதில் ஏறத்தாழ 12 ஏக்கரில் ஐம்பது மாடி அளவு உயரக் கட்டடங்களை எழுப்ப 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2021-இல் வென்று, இறுதியில் 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இதை வாசிக்கும்போது நமக்குள் ஒரு வெற்றிக் களிப்பு எழலாம். எனக்கும் எழுந்தது. ஆனால் அதே பூங்காவின் பக்கத்தில் நம்மவர்களின் வரிசை வீடுகள் உள்ளன. மலாயில் ரூமா பாஞ்சாங் என்பார்கள். கியாராத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் தற்காலிகமாக அங்கே குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு கிடைக்கும் என்பது அன்றைய வாக்குறுதி. தீர்ப்பு வெளிவந்தபோது ஏறத்தாழ நூறு குடும்பங்கள் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்தன. ரத்தான அந்தத் திட்டத்தில் அவர்களுக்கென்று அடுக்குமாடி வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்ததால், அவர்களுள் பலர் திட்டத்தை ஆதரித்தனர். எனவே "காடா, கட்டடமா" என்ற கேள்வி அவர்கள் வாசலில் அத்தனை எளிமையாக இல்லை. வீடும் வேண்டும், பூங்காவும் வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தந்தால் பூங்காவைத் தொட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வழக்குத் தொடுத்த பக்கத்திலும் இந்தக் குரல் ஒலித்தது. கியாராவுக்கு நடக்கப் போகிறவர்கள் இந்த வீடுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் நிழலுக்கு ஒதுங்கும் மரங்களை வெட்டிப் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

மூன்றாவது, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம். பெயரைக் கேட்டால் அலுவலகம் போலத் தோன்றும். உள்ளே போனால் பெருங்காடு. இதில் வியப்பு என்னவென்றால், இக்காடு இயற்கையாக அமைந்ததன்று. ஈயச் சுரங்கம் தோண்டிக் கைவிடப்பட்ட தரிசிலும் காய்கறித் தோட்டங்களிலும் 1920-களிலிருந்து மரம் நட்டு வளர்த்தது. கெட்டுப்போன நிலத்தில் வெப்பமண்டலக் காட்டை மீட்க முடியும் என்பதற்குச் சான்றாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே நீங்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியது காப்பூர் மரங்களை. ஐம்பது மீட்டருக்கு மேல் வளரும் இம்மரங்கள் நெருங்கி நின்றாலும் உச்சியில் ஒன்றின் கிளை மற்றொன்றைத் தொடுவதில்லை. இடையிடையே வானம், வறண்ட வயலில் விழுந்த வெடிப்புப் போல ஒளிக்கோடாகத் தெரியும். காற்றில் உரசி முனைகள் முறிவதால்தான் இப்படி என்று சிலர் நினைத்தனர். இம்மரங்களைக் கூர்ந்து ஆராய்ந்த வன ஆய்வாளர் பிரான்சிஸ் இங், அப்படி உரசிய அடையாளம் இல்லை என்று 1977-இல் எழுதினார். பக்கத்து மரத்தின் நிழல் விழுந்து வெளிச்சம் குறையும்போது வளர்நுனி தானே நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து.

காப்பூர் என்றால் வேறொன்றுமில்லை, கற்பூரம்தான். நம் வீடுகளில் பாயசத்திலும் கோயில் தீர்த்தத்திலும் சேரும் பச்சைக் கற்பூரம் இந்த மரத்தின் உட்பிளவுகளில் படியும் பொருள். பூசைத் தட்டில் ஏற்றும் கட்டிக் கற்பூரம் இன்று பெரும்பாலும் செயற்கையானது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகம் இந்தக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088-ஆம் ஆண்டிலேயே தமிழில் கல்வெட்டுப் பொறித்திருக்கிறார்கள். பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்ததுதான் இந்த வட்டாரத்தோடு நம் முதல் தொடர்பு என்று நினைக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கெப்போங் மரத்தடியில் விழுந்து கிடக்கும் இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த வணிகர்கள் தேடி வந்த வாசம் இலேசாக வரும். இலையைப் பறிக்க வேண்டாம்; கீழே நிறையக் கிடக்கும்.

கெப்போங் சென்ட்ரல் கொமுட்டர் நிலையத்திலிருந்து வாடகைக் கார் எடுத்தால் நால்வர் பகிர்ந்துகொள்ளலாம். நுழைவுக்கட்டணம் உண்டு. சில பாதைகளுக்கு முன்பதிவு தேவைப்படுவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாகச் சொல்ல நினைப்பது புக்கிட் நானாஸ். கோலாலம்பூர் கோபுரம் நிற்கும் குன்று இதுவே. 1906-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. இப்போது ஒன்பது ஹெக்டர் சொச்சம்தான் எஞ்சியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி முடித்துவிடலாம் என்பதால், உடற்பயிற்சிக்கென்று வருபவர்களுக்கு ஏமாற்றமே. ஆனாலும் டாங் வாங்கி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் என்பது பெரிய வசதி. கோபுரம் கட்டியபோது அங்கிருந்த நூறாண்டு ஜெலுத்தோங் மரத்தை வெட்டாமல், சுற்றித் தடுப்புச்சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். ஜெலுத்தோங்கும் பால் தரும் மரம்தான். முன்பு அந்தப் பாலில் மெல்லும் கோந்து செய்தார்கள்.

புக்கிட் தாபோரைப் பற்றி நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டுக்கு மேலே எழும் அந்தப் படிகக்கல் முகட்டின் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே விழுந்து இறந்தவர்கள் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி ஏறுவது குற்றமும்கூட. படம் எடுக்க வேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் போகாதீர்கள்.

காலணியைப் பற்றி ஒரு சொல். விலையுயர்ந்த மலையேற்றக் காலணி எதுவும் வேண்டாம். 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்க் காலணி இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காய்ந்துவிடும். வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்கள் அணிந்த காலணி அது. இன்று மலையேறும் சங்கத்தார் தேடி வாங்குகிறார்கள். பாட்டியிடம் காட்டினேன், வாய்விட்டுச் சிரித்தார்.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிய மாணவர்களை மண்டபத்தில் உட்காரவைத்து உரையாற்றி வரவேற்கிறோம். ஓராண்டு மட்டும் அதைக் கியாராவில் நடத்திப் பார்க்கலாமே. தோட்டத்தில் வேலை செய்த பெற்றோர், தாத்தா, பாட்டி யாரையாவது உடன் அழைத்துவரச் சொல்லலாம். அவர்கள் மரத்துக்கு மரம் நின்று சொல்லும் சொற்களை இரண்டு பேர் எழுதிக்கொண்டால் அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிடும். செலவு, தண்ணீரும் நாசி லெமாக்கும்தான்.

காலை ஏழரைக்குத் தொடங்குங்கள். பிற்பகலில் மழையும் இடியும் வர வாய்ப்பு அதிகம். மரத்தடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு லிட்டர் தண்ணீர், காலி நெகிழிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், பைக்குள் வையுங்கள். குரங்குகளுக்கு அந்த வாழையிலை வாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.